ஆமை காட்டிய பக்கம்

"மச்சான், ஆமை! சத்தியமா ஆமை! ஓடி வாங்க!"

ஜுன்போய் போட்ட கூச்சலில் கடல் காக்கையெல்லாம் எழும்பிப் பறந்தது. கிரிஸ்பின் ஓடிவந்து மைத்துனனின் வாயைப் பொத்தினான்.

"ஊரைக் கூட்டிடாதடா! காவல்காரர் இப்பத்தான் தூளியில சாஞ்சிருக்காரு."

சொன்னானே தவிர, அவனே துள்ளிக் குதித்தான். தங்கம் தேடி ஒன்பது நாளாக அந்தப் பழைய கடற்கோட்டையைச் சலித்தாயிற்று. கூரை போன படைவீடு, சமையல்கூடம், தண்ணீர்த்தொட்டி எதுவும் பாக்கியில்லை. பீரங்கிக் குழாய்க்குள் தலையை விட்டுப் பார்த்து, ஜுன்போயின் காதில் கீறல்கூட விழுந்தது. இப்போது கிழக்குப் பீரங்கி மேடைச் சுவரில், உள்ளங்கை அகலத்தில் செதுக்கிய ஆமை!

போர்க்காலத்தில் ஜப்பான்காரன் தங்கத்தைப் புதைத்த இடத்தில் ஆமையைச் செதுக்கி வைத்தான், அதன் தலை எந்தப் பக்கமோ தங்கமும் அந்தப் பக்கம் என்று அந்தத் தீவில் பால்குடிப் பிள்ளையும் நம்பும். இந்த ஆமையின் தலை வெடிமருந்துக் கிடங்கைக் காட்டியது. கிடங்கு முழுக்கப் புயல் கொண்டுவந்து அடைத்த மணல்.

"இவ்வளவு மணலா! அள்ள ஒரு வருஷம் ஆகும் மச்சான்."

"உங்கக்கா வருஷமா குடுத்திருக்கா? ரெண்டே ஞாயிறுடா!"

லோர்னாவின் கெடு ஊரறிந்தது. கடலுக்குப் போகாமல் மண்வெட்டியோடு திரிகிற புருஷன் தனக்கு வேண்டாம், இரண்டாவது ஞாயிறு பூசைக்குள் தங்கம் வராவிட்டால் துணிமூட்டையை அவன் அம்மா வீட்டு வாசலில் வீசிவிடுவேன் என்று சந்தையில் நின்றே சொல்லிவிட்டாள். கிரிஸ்பினுக்கு லோர்னா இல்லாமல் ஒரு நாளும் ஓடாது. அம்மாவோடு அரை நாள்கூட ஓட்ட முடியாது.

காவல்காரர் ஃபெர்மின் பொல்லாதவர். கோட்டைக் கல்லைத் தொட்டாலே பிரம்போடு துரத்துவார். நல்லவேளை, பன்னிரண்டு அடித்ததும் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூங்கிவிடுவார். மூன்று மணி வரை இடி விழுந்தாலும் எழமாட்டார். அந்த மூன்று மணி நேரமும் இருவரும் பேயாய் உழைத்தார்கள். மணலைப் பக்கத்தில் கொட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று கூடை கூடையாகச் சுமந்து கடலில் கொட்டினார்கள்.

ஒருநாள் வாசலில் மாட்டிக்கொண்டார்கள்.

"என்னடா, உடம்பெல்லாம் மணல்?" என்றார் ஃபெர்மின்.

"நண்டு புடிச்சோம் அண்ணே."

"கோட்டைக்குள்ளயா?"

"வழி தவறி வந்த நண்டு அண்ணே."

ஃபெர்மின் முறைத்தார். பிறகு அவித்த வாழைப்பழம் நாலைக் கையில் திணித்தார். "வெறும் வயித்துல நண்டு புடிக்கக் கூடாது. தின்னுங்க."

ஏமாளி மனுஷன் என்று இருவரும் வழியெல்லாம் சிரித்தார்கள்.

இரண்டாவது சனிக்கிழமை கல்தரை தெரிந்தது. துடைப்பம் கொண்டுவந்து மூலை மூலையாகப் பெருக்கியும் பார்த்தார்கள். தங்கமாவது, தகரமாவது! கிரிஸ்பின் அந்தப் பளிச்சென்ற தரையில் உட்கார்ந்து அழுதே விட்டான்.

"அழாதீங்க மச்சான். மேற்கு மேடையில இன்னொரு கிடங்கு இருக்குல்ல?"

"நாளைக்கு ஞாயிறுடா!"

"அப்ப பூசைக்கு முன்னாடியே போயிடுவோம்."

நடுப்பகலுக்குக் காத்திருக்க நேரமில்லை. முதன்முறையாகக் காலையிலேயே கோட்டைக்குள் நுழைந்தார்கள். மேற்கு மேடையிலிருந்து டக், டக் என்று சத்தம் வந்தது. எட்டிப் பார்த்தால், உளியும் சுத்தியலுமாக ஃபெர்மின் குந்தியிருந்தார். அவருக்கு எதிரே, சுவரில், தலையில்லாத ஓர் ஆமை.

கிரிஸ்பின் மண்வெட்டியைக் கீழே போட்டான். "அடப்பாவி அண்ணே! அப்ப அந்த ஆமையும்..."

"பின்னே? மணல் அள்ள ஆள் கேட்டு நாலு வருஷமா எழுதுறேன், ஒருத்தனும் வரல."

"லோர்னா என்னைத் துரத்திடுவாளே! அவளுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

ஃபெர்மின் உளியை ஊதித் துடைத்தார்.

"துரத்தமாட்டா. பெரிய அதிகாரி திங்கட்கிழமை வர்றாரு, அதுக்குள்ள கிடங்கு சுத்தமாகணும்னு அவகிட்ட சொன்னேன். கோட்டை வாசல்ல பலகாரக் கடை போட எடம் குடுங்க, கெடு வைக்கிறதை நான் பாத்துக்கறேன்னு அவதான் சொன்னா."