சுசியம் ஆறுமுன்

“ஏட்டி விஜயா, சித்ராவுக்குச் சுசியம் ஆறிப்போனாப் பிடிக்காது. சூடா எடுத்து இலையில வையி.”

புறவாசல் கதவுக்கு வெளியே நின்றிருந்தாள் சித்ரலேகா. துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். ஐந்து வருஷத்துக்குப் பிறகு அம்மாவின் குரல். கேட்ட முதல் பேச்சிலேயே தன் பெயர்.

வருவதாக அவள் யாருக்கும் சொல்லவில்லை. பம்பாயிலிருந்து வந்து, திருநெல்வேலியில் செங்கோட்டை பாசஞ்சருக்கு மாறி, கல்லிடைக்குறிச்சியில் இறங்கியிருந்தாள். தெரிந்தவர் யார் கண்ணிலும் படாமல் ஆற்றோரமாகவே நடந்து வந்தாள். பிறகு அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது?

தெரிந்துவிடும். ஊர் நூலகத்தில் அவள் படித்துத் தீர்த்த மொழிபெயர்ப்பு நாவல்களில் அப்படித்தான். பனி கொட்டும் ஏதோ ஓர் ஊரில், ஓடிப்போன மகள் திரும்புகிற அன்று, அம்மா காரணம் தெரியாமலே சன்னலில் விளக்கேற்றி வைப்பாள். இங்கே விளக்குக்குப் பதில் எண்ணெயில் சுசியம் வேகிறது, அவ்வளவுதான்.

அவள் போனதும் அந்த நாவல்களால்தான். ரயில் கூவினாலே ஊர் சிறுத்துப்போகும் அவளுக்கு. டைப்ரைட்டிங் வகுப்பில் பழக்கமான பாளையங்கோட்டை ஜாபேஸ், “பம்பாயில வேலை கிடைச்சிருக்கு, வாரியா?” என்று கேட்ட மறுநாளே, குளிக்கப் போவதாகச் சொல்லிப் படித்துறைக்குப் போனாள். ஆற்றில் புதுத்தண்ணீர் கரை தொட்டு ஓடிய நாள் அது. வாளியையும் மாற்றுத் துணியையும் படியிலேயே வைத்துவிட்டு, பாலத்தைக் கடந்து அம்பாசமுத்திரத்தில் பஸ் ஏறினாள்.

அதன் பிறகு ஒரு கடிதம்கூடப் போடவில்லை. நாவல்களில் போனவர்கள் போடுவதில்லை. இப்போது ஜாபேஸுக்கு வேறொரு குடும்பம் இருந்தது. அவளுக்கு இந்தப் புறவாசலை விட்டால் போக இடமில்லை.

“அந்த ஊதாப் பாவாடை தாவணிய மடிப்புக் கலையாம எடுத்து வச்சிட்டு வா. அவளுக்கு ஊதான்னா உசுரு.” மறுபடியும் அம்மா.

சித்ரலேகா தன் கசங்கிய சேலையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டாள். அம்மாவுக்கு நான் இன்னும் தாவணிப் பிள்ளைதான்.

அவள் கதவைத் தள்ளியபோது தங்கை விஜயஸ்ரீ கிணற்றடியில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். கயிறு கை நழுவி, வாளி தடதடவென்று உள்ளே போய் விழுந்தது. விஜயா அவள் முகத்தைப் பார்த்தாள். உடனே குனிந்து அவள் காலைப் பார்த்தாள்.

சித்ரலேகா கூசிப்போனாள். வார் அறுந்து ஊக்குக் குத்தியிருந்த செருப்பைச் சேலைக் கரையால் மறைத்தாள்.

“என்னட்டி அப்படிப் பாக்க? நான்தான்.”

விஜயா பைய வந்து அவள் கையைத் தொட்டாள். “சுடுதுக்கா.”

“வெயில்ல நடந்து வந்தேம்லா? சுடாம என்ன செய்யும்?” உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது. “யாரு வந்திருக்கா?”

“மாப்பிள்ளை வீட்டுக்காரங்க. வார வெள்ளிக்கிழமை எனக்கு நிச்சயம்.”

சித்ரலேகாவின் முகம் வாடியது. “என்னையப் பத்திக் கேட்டிருப்பாவளே. அம்மா வைதாளா?”

“வையவா? உன்னைய மாதிரிப் பிள்ளை இந்தத் தெருவுல உண்டான்னு சொல்லுதா. கேட்டுட்டு அந்த அத்தை அழுதுட்டாவ.”

அதற்கு மேல் சித்ரலேகாவால் தாங்க முடியவில்லை. “அம்மா,” என்று கூப்பிட்டாள்.

அம்மா சண்முகசுந்தரி எண்ணெய் சொட்டும் கரண்டியோடு அடுக்களை வாசலுக்கு வந்தாள். பார்த்தாள். கண் நிறைந்தது. ஓர் அடி முன்னால் வைத்து, சும்மா இருந்த கையை நீட்டவும் செய்தாள்.

“மதினி, யாரு அங்கன?” என்று உள்ளிருந்து ஒரு பெண்குரல் கேட்டது.

நீண்ட கை அப்படியே நின்றது. அம்மா திரும்பி விஜயாவை ஒரு தரம் பார்த்தாள். பிறகு உள்ளே போனாள்.

வரும்போது கையில் இலை இருந்தது. சுசியம், முந்திரிக்கொத்து, ஓரத்தில் ஒட்டிக்கொண்டு ஒரு பிச்சிப்பூ. துவைகல்லின்மேல் வைத்துவிட்டு, சாப்பிடு என்பதுபோல் தலையசைத்தாள்.

சித்ரலேகாவுக்கு எல்லாம் புரிந்துபோயிற்று. நாவல்களிலும் அம்மாக்கள் முதலில் மன்னிப்பதில்லை, சோறுதான் போடுவார்கள். துவைகல் அருகில் உட்கார்ந்து சுசியத்தைக் கடித்தாள். நாக்குச் சுட்டது. சுட்டதற்கும் சேர்த்து அழுதாள்.

மாப்பிள்ளையின் தாயார் அடுக்களை வாசல்வரை வந்து எட்டிப் பார்த்தார். “யாரு மதினி இது? இப்படி அழுதுக்கிட்டே திங்கா?”

விஜயா தாவணி முனையை வாயில் திணித்துக்கொண்டு கிணற்றுக்குள் பார்த்தாள்.

“யாரோ, பசின்னு வந்து நின்னா,” என்றாள் அம்மா. பிறகு மகளின் கண்ணைப் பார்த்தபடி, குரல் பிசகாமல் சொன்னாள்.

“தின்னுட்டுப் போயிரு தாயி, ஆத்தோட போயிச் செத்த எம் மூத்த மவளுக்குப் படைச்சது.”