படிக்கட்டு மூலை

ஜெசிந்தாவுக்குக் கம்ப்யூட்டர் கடையில் இருப்புக்கொள்ளவில்லை. இன்னும் கட்டாத ஒரு பங்களாவை வாடிக்கையாளருக்குச் சுற்றிக்காட்ட அவள் ஒரு அனிமேஷன் செய்திருந்தாள். அதில் படிக்கட்டு திரும்பும் மூலையில் மட்டும் புள்ளி புள்ளியாக ஒரு கறை போகாமல் நின்றது. கம்ப்யூட்டரில் படத்தைத் தீட்டித்தரும் பழைய கிராபிக்ஸ் கார்டுக்குத் தெம்பில்லை என்று நினைத்துத்தான் புதியது வாங்க வந்திருந்தாள். கடைக்காரர் நஜீம் ஒரு கார்டை மாட்டி அந்த அனிமேஷனையே ஓட்டினார். சுவர், தரை, ஜன்னல் வெயில் எல்லாம் பளிச்சென்று தெளிந்தன. கறையும் தெளிந்தது, அதற்குத் தோள்கள் இருந்தன. அடுத்து அதைவிட வேகமான கார்டை மாட்டினார். முதுகு காட்டி நிற்கும் ஒரு பெண். படியின் கைப்பிடியைப் பற்றிய அவள் விரலில், மோதிரம் கழற்றிய வெளுத்த தடம்.

“ஆளை அப்படியே தத்ரூபமா வச்சிருக்கீங்க மேடம்,” என்றார் நஜீம்.

அந்த வீட்டுக்குள் ஜெசிந்தா யாரையுமே வைக்கவில்லை.

“முகம் திரும்புறப்போதான் லேசா ஹேங் ஆகுது. இதுக்கும் மேல ஒரு கார்டு இருக்கு, மாட்டட்டுமா?”

ஜெசிந்தா, அதே தடம் இருந்த தன் விரலைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டாள்.

“வேணாம் பாய். இதுக்குக் கீழ உள்ளதா ஒண்ணு காட்டுங்க.”