ஆட்சேபணை இல்லை

"உங்க ஃபைலை எடுத்துண்டு போயிடுங்கோ, சுமந்த் சார். இனிமே உங்க கணக்கை நான் பார்க்கறதா இல்லை."

ஆடிட்டர் ஜானவி இதைச் சொன்னபோது நான் இன்னும் உட்காரவில்லை. வலியசாலையில் அவர் வீட்டு முன்னறைதான் அலுவலகம். அங்கே அவர் 'உட்காருங்கோ' என்று சொல்லாமல் நான் ஒருநாளும் உட்கார்ந்தது கிடையாது.

"தணிக்கை அறிக்கைக்கு இந்த மாசக் கடைசிதானே கெடு, மேடம்?" என்றேன். கம்பீரமாகக் கேட்பதாகத்தான் எண்ணம். வெளியே வந்த குரலோ, வீட்டுப்பாடம் எழுதாமல் வகுப்புக்கு வந்தவனுடையதாக இருந்தது.

சாலைக் கடைத்தெருவில் விளக்குக் கடை வைத்திருப்பவன் நான். சென்ற ஆண்டு வியாபாரம் சற்றே பெருகியதால், ஆடிட்டர் ஒருவர் தணிக்கை செய்து கையெழுத்திடுவது கட்டாயமாயிற்று.

நல்ல ஆடிட்டரைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று படித்து, கேட்க வேண்டிய கேள்விகளை எல்லாம் வரிசையாக எழுதிக்கொண்டு இவரிடம் வந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள், "எழுதுபொருள் செலவுல மசால் தோசை எப்படி வந்தது?" என்று அவர் கேட்டுவிட்டார். என் கேள்வித்தாள் சட்டைப் பையிலேயே இருந்து, சட்டையோடு சலவைக்குப் போயிற்று.

இருந்தாலும் நான்தான் அவரைத் தேர்ந்தெடுத்தேன் என்று கடையில் எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன்.

கணினி முன் அமர்ந்திருந்த மலையாளி உதவியாளர் ஸ்மிதா என் கையை எட்டிப் பார்த்தார். "இன்னிக்கும் ஒரு பில்லு மாத்ரம்தானோ, சேட்டா?"

ஒன்றுதான். மொத்தமாகக் கொண்டுவந்தால் அவர்களுக்குச் சுமையாகுமே என்று, மாலையில் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, நாளொன்றுக்கு ஒரு பில்லாகக் கொண்டுவந்து தருவது என் வழக்கம். பிறர் நேரத்தின்மீது நான் வைத்திருக்கும் மதிப்பு அது என்றே நம்பியிருந்தேன்.

இவர் கைவிட்டால் அபராதம் கட்ட நேரும் என்பது என் முதல் கவலை. நாளை மாலை முதல் எனக்குப் போக இடமே இல்லை என்பது இரண்டாவது. வியர்த்தது இரண்டாவதை நினைத்துத்தான். ஆனால் வாயில் வந்தது முதலாவது மட்டுமே.

"கடைசி நேரத்துல வேற யாரைத் தேடுவேன், மேடம்? ஏதாவது தப்பு பண்ணிட்டேனா? பில்லை வேணா மொத்தமாக் குடுத்துடறேன்."

"பில்லுல ஒண்ணும் இல்லை."

"ஓ.டி.பி. லேட்டாச் சொன்னேனா?"

"நீங்களா? நான் ஹலோ சொல்றதுக்குள்ள ஒப்பிச்சுடறேளே!"

அது உண்மை. அவர் அழைத்தால் நான் எழுந்து நின்றுதான் பேசுவேன். கடைக்கு வந்தவர்கள் அதைப் பார்த்து, யாரோ அமைச்சர் அழைத்திருக்கிறார் என்று எண்ணிப் பேரம் பேசாமல் போனதுண்டு.

"அப்போ போன வாரம் விவரமெல்லாம் எழுதிக் கேட்டேளே... பான், ஆதார், பிறந்த தேதி, நேரம், ஊர், பேங்க் ஸ்டேட்மென்ட்... அதுல ஏதாவது?" வருமான வரித் துறைக்கு இக்காலத்தில் எதுதான் வேண்டாம் என்று, அம்மாவிடம் கேட்டு ஒன்று விடாமல் எழுதிக் கொடுத்திருந்தேன்.

"எல்லாம் சரியா இருக்கு. நன்னாவே பொருந்தறது." ஜானவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார். "ஞானசிகாமணி சார்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன். நல்ல ஆடிட்டர், கெடுவுக்குள்ள முடிச்சுக் குடுத்துடுவார். உங்க கணக்கை அவர் எடுத்துக்கறதுல எனக்கு ஆட்சேபணை உண்டான்னு கேட்டு எழுதியிருந்தார். இல்லைன்னு பதில் போட்டுட்டேன்."

ஓர் ஆடிட்டரின் கணக்கு இன்னொருவர் கைக்கு மாறும்போது இப்படிக் கேட்பது அவர்களுடைய தொழில் மரபாம். மரபு இருக்கட்டும். மரியாதைக்காவது ஒரு சிறிய ஆட்சேபணையைத் தெரிவித்திருக்கலாம் என்று எனக்கு வருத்தமாயிற்று.

அந்த வருத்தத்தில், வாழ்க்கையில் முதன்முறையாக நான் ஒருவரை எதிர்த்துப் பேசினேன். அதையும் கைகட்டிக்கொண்டுதான் பேசினேன்.

"காரணம் தெரியாம ஃபைலை எடுத்துண்டு போறதா இல்லை, மேடம். தயவு பண்ணி மன்னிச்சுக்கணும்."

ஸ்மிதா சட்டென்று எழுந்தார். "மேடம், ஞான் ஒரு சாய குடிச்சிட்டு வராம்" என்றவர், கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். என் அவமானத்தைக் காணச் சகிக்கவில்லை போலும் என்று அவருக்கு மனத்துக்குள் நன்றி சொன்னேன்.

"காரணம் சட்டம்தான்" என்றார் ஜானவி, மேசையைப் பார்த்துக்கொண்டு. "சொந்தக்காரா கணக்கைத் தணிக்கை பண்ணி நான் கையெழுத்துப் போடக் கூடாது."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இவ்வளவுதானா! படித்தவர்களுக்கும் ஆள்மாறாட்டக் குழப்பம் வரும். பணிவாக எடுத்துச் சொன்னால் தீர்ந்துவிடும் விஷயம்.

"மேடம், வேற யாரையோ நினைச்சுண்டு சொல்றேள். நான் உங்களுக்கு எந்த வழியிலயும் சொந்தம் இல்லையே!"

ஜானவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னை நேராகப் பார்த்தார்.

"ஆகறதுக்குச் சம்மதமா?"