டிராக்டர் சாவி

கொட்டகையின் கூரை தாழ்வு. டிராக்டரை உள்ளே விடுவதற்காக மாமனார், வண்டி கவிழ்ந்தால் ஓட்டுபவர் நசுங்காமல் காக்க இருக்கைக்குப் பின்னால் உள்ள பாதுகாப்புக் கம்பியை மடக்குவார். வெளியே எடுத்ததும் நிமிர்த்த வேண்டும். நிமிர்த்த மாட்டார். எழுபத்து மூன்று வயதிலும் அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

"மேட்டுல சரிவு அதிகம் மாமா. கம்பியை நிமிர்த்திட்டுப் போங்க" என்று இன்று காலையிலும் சொன்னேன்.

"நாப்பது வருஷமா ஓட்டுறேன். என்னையா கவுத்துடும்?" என்றார்.

மதியம் ஒரு மணிக்கு வழக்கம்போல் வந்தார். சாவியை மேசைமேல் வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். சட்டை முழுக்க மண். மேட்டில் டிராக்டர் சத்தம் இன்னும் கேட்டது.

"வண்டியை நிறுத்தலையா மாமா?"

"சாவி இங்கதானே இருக்கு" என்றார்.

போன் அடித்தது. உரம் இறக்க மேட்டுக்குப் போயிருந்த என் கணவர். பின்னால் இன்ஜின் அலறியது.

"வண்டி கவுந்து கிடக்கு. அப்பா அடியில கிடக்கார். மூச்சே இல்ல. இன்ஜினை நிறுத்தலாம்னா சாவியைக் காணோம்!"

போனைக் காதிலேயே வைத்தபடி திரும்பிப் பார்த்தேன். மாமனார் எழுந்துபோய்க் கை கழுவினார். துடைக்கும் பழக்கம் அவருக்கு என்றுமே கிடையாது.

"அவனுக்கு இந்த வண்டியைப் பத்தி என்ன தெரியும்? நீ இரும்மா, நான் நிறுத்திட்டு வரேன்."

சாவியை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டினார். மேட்டுக்குக் கால்மணி நேரம் நடக்க வேண்டும்.

போனில் இன்ஜின் சத்தம் அப்போதே அடங்கியது.

"சாவி இருக்கு. வண்டியிலேயே இருக்கு" என்றார் கணவர்.

"ஈரமா இருக்கு."