உட்காரும் வசதி

ஸ்டூலில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் ஆகிவிட்டது.

அவளுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை.

காலை ஒன்பதரைக்கு மாடி ஏறியவள். இப்போது மணி நாலு. இந்தக் கடையின் பட்டுச்சேலைப் பிரிவில் ஆறு வருஷமாக நிற்கிறாள். முழங்காலுக்குப் பின்னால் நரம்பு நீலமாகச் சுருண்டு கிடக்கிறது. ரொம்ப நேரம் நிற்காதே என்றார் டாக்டர். அவருக்கென்ன, சொல்லிவிட்டார்.

கடையில் வேலை செய்கிறவர்கள் உட்கார இருக்கை தரவேண்டும் என்று சட்டம் வந்தது. பின்னாலேயே ஸ்டூலும் வந்தது, ஆளுக்கு ஒன்று.

வந்த அன்றே அதன் மேல் சேலைக்கட்டை ஏற்றி வைத்தார் இசக்கிமுத்து அண்ணாச்சி. இந்த மாடிக்கு அவர்தான் சூப்பர்வைசர். விற்கிறவள் உட்கார்ந்திருந்தால் வாங்க வந்தவர்கள் அப்படியே திரும்பிப் போய்விடுவார்களாம்.

கீழ்த்தட்டை அடுக்குகிற சாக்கில் விற்கிற பெண்கள் கொஞ்சம் குத்தவைத்துக்கொள்வார்கள். அதற்கும் மேலே கேமரா இருந்தது.

சட்டம் இருக்கிறதே என்று ஒருத்தி கேட்டாள். மறுநாள் அவளைக் குடோனுக்கு மாற்றினார்கள். பத்தே நாளில் வேலையை விட்டுப் போனாள்.

இன்று கட்டுகளெல்லாம் தரைக்கு இறங்கின. தொழிலாளர் துறையிலிருந்து ஒரு அம்மா சோதனைக்கு வருகிறார், உட்காருங்கள், முகத்தைச் சிரித்தாற்போல் வையுங்கள் என்று அண்ணாச்சி பறந்தார்.

அப்படித்தான் உட்கார்ந்தாள்.

அடடா, என்ன சுகம்!

கண் கலங்கியது. போயும் போயும் ஒரு ஸ்டூலுக்கா அழுவது என்று தன் மேலேயே எரிச்சலாக வந்தது.

அதிகாரி அம்மா நேரே அவளிடம் வந்தார். பழக்க தோஷம், சட்டென்று எழுந்துவிட்டாள்.

“உட்காரும்மா. தினமும் உட்கார விடுறாங்களா?”

மறுபடி உட்கார்ந்தாள். அம்மாவின் தோளுக்குப் பின்னால் அண்ணாச்சி நின்றார். அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பெரியவள் பத்தாவது படிக்கிறாள். சின்னவள் ஏழாவது. வீட்டில் சம்பாதிக்கிற வேறு ஆள் கிடையாது.

“உட்காருவோம் மேடம். ஆள் இல்லாதப்ப உட்காருவோம்.”

அம்மா அவள் காலைப் பார்த்தார். அவள் சீருடைச் சேலையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள். அம்மா பேனாவை எடுத்தார். சொன்னதை எழுதினார். எழுதியதை வாசித்தும் காட்டினார்.

“உண்மைன்னா மட்டும் கையெழுத்துப் போடு. நாளைக்கு மாத்திச் சொன்னா உனக்குத்தான் சங்கடம்.”

போட்டாள்.

சீ, என்ன பிழைப்பு இது. வாயெல்லாம் கசந்தது. இந்தப் பொய்யைச் சொல்லவைக்கத்தான் அவளை உட்காரவைத்தார்கள்.

லிஃப்ட் கதவு மூடியது.

“சரி சரி, எந்திரிங்க எல்லாரும். கட்டைத் தூக்கி மேல வைங்க.”

ஸ்டூல்கள் கிரீச்சிட்டன. பக்கத்து ஸ்டூலிலிருந்த ஜெபராணி எழுந்து, தன் காலடியில் இருந்த கட்டைத் தூக்கினாள்.

அவளும் எழுந்திருக்கத்தான் முழங்காலில் கையை ஊன்றினாள்.

ஊன்றிய கை அங்கேயே இருந்தது.

மாடியில் வாங்க வந்தவர்கள் ஒருவரும் இல்லை.

“ஏம்மா, ஒன்னத்தான்.”

சண்டை போடத் தெம்பில்லை. சண்டை போடவும் இல்லை. அலுத்துப்போன குரலில்தான் சொன்னாள்.

“உட்காருவோம்னு கையெழுத்துப் போட்டிருக்கேன் அண்ணாச்சி. எந்திரிச்சா பொய்யாயிரும்லா.”

அண்ணாச்சி லிஃப்ட் பக்கம் பார்த்தார். கேமராவைப் பார்த்தார்.

ஜெபராணி சேலைக்கட்டோடு நின்றுகொண்டிருந்தாள்.

பிறகு அதை மெதுவாகத் தரையில் வைத்தாள்.