கணுக்கால் கட்டு

கைப்பேசி அலறியது. அப்பா கணுக்காலில் அவசரமாகத் துணிக்கட்டைச் சுற்றினார்.

"அடிச்சு ஓயப் போகுது, எடுங்க!" என்றாள் அம்மா.

திரையில், வெளிநாட்டில் பிசியோதெரபிஸ்டாக இருக்கும் மகள்.

"சுளுக்கு எப்படிப்பா இருக்கு? ஓட்டமெல்லாம் இப்போ வேண்டாம். நாற்காலியில உட்கார்ந்து குதிகாலை மட்டும் மெதுவா தூக்குங்க."

கைப்பேசியைக் கால் பக்கம் திருப்பிக்கொண்டு தூக்கினார். "ஸ்ஸ்... வலிக்குதும்மா!"

மகள் ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். "சரிப்பா, பார்த்துக்கோங்க" என்று வைத்துவிட்டாள்.

அம்மா பொரிந்தாள். "ஆறி ஒரு மாசமாச்சு. எதுக்கு இந்த நாடகம்?"

"அடிபடறதுக்கு முன்னாடி தினமும் கூப்பிட்டாளா?"

கட்டை அவிழ்க்கக் குனிந்த அப்பா திடுக்கிட்டார். சுளுக்கியது வலது கால். கட்டு இருந்ததோ இடது காலில்!

மகளிடமிருந்து செய்தி வந்தது.

'நாளைக்கு ரெண்டு கால்லயும் கட்டிக்கோங்கப்பா. ரெண்டுக்கும் பயிற்சி சொல்றேன். நிறைய நேரம் ஆகும்.'