யப்பான் படத்தில் மடுத்தீன்

"இஞ்சாருங்கோ, கெதியா வெளிக்கிடுங்கோ! உங்கட முகம் பெரிய திரையில வருதாம், நீங்கள் என்னெண்டால் சட்டி தேய்ச்சுக்கொண்டு நிக்கிறியள்!"

பாரிஸில், லா சப்பல் தெருச் சாப்பாட்டுக் கடையின் குசினி வாசலில் நின்று பியட்றிஸ் கத்தினாள். உள்ளே அவள் கணவன் மடுத்தீன் தலை நிமிரவில்லை.

"எனக்கு வேலை கிடக்கு. நீ ஐங்கரனோட போயிட்டு வா."

"முதலாளியே போகச் சொல்லிட்டார் அண்ணை," என்றான் கூட வேலை செய்யும் ஐங்கரன். "அக்கா, நான் நேற்றே பாத்திட்டன். யப்பான்காரன் ஒருத்தன், செத்த பெண்சாதி சோத்துப்பானைக்குள்ள இருக்கிறா எண்டு அதைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு பாரிஸ் முழுக்கத் திரியிறான். எங்கட கடைக்கும் வந்து பானைக்கு ஒரு தோசை கேக்கிறான். பின்னால நிண்டு அண்ணை சிரிக்கிறார் பாருங்கோ, ஒரு சிரிப்பு! சனம் விழுந்து விழுந்து சிரிக்குது!"

"எப்பயப்பா நடிச்சனீங்கள்? எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே!"

"நான் எங்கை நடிச்சன்? படம் எடுக்கிறம் எண்டு வந்தாங்கள். பிறகு ஒரு தாளை நீட்டிக் கையெழுத்து வை எண்டாங்கள். அதில என்ன எழுதிக் கிடந்தது எண்டு ஆருக்குத் தெரியும்? வச்சன்."

"பெரிய நடிகர், கேட்டால்தான் சொல்லுவார்!"

பியட்றிஸுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. விசா கிடைத்து அவள் பாரிஸ் வந்து மூன்று மாதம். இந்த மூன்று மாதத்தில் மடுத்தீன் ஒருதரம்கூடச் சிரிக்கவில்லை. ஊரில் அவன் சிரித்தால் பக்கத்து வளவுக்குக் கேட்கும். அந்தச் சிரிப்பை ஒருக்கால் பார்த்தால் போதும் அவளுக்கு.

அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போனாள். ஐங்கரனும் கூடவே வந்தான்.

கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சின்னத் தியேட்டர். பாஷை விளங்காமலே பியட்றிஸ் சிரித்தாள். பானைக்குத் தொப்பி வாங்கியதற்குச் சிரித்தாள். பானைக்கும் ரயில் டிக்கெட் எடுத்ததற்குச் சிரித்தாள்.

"இப்ப வரும் அக்கா, இப்ப!"

திரையில் அவர்களுடைய கடை. யப்பான்காரன் பானையைக் கதிரையில் இருத்தித் தோசையைப் பிய்த்து ஊட்டினான். அவனுக்குப் பின்னால், குசினி வாசலில், மடுத்தீன்! காதில் போனோடு, சுவரில் சாய்ந்து, வாய் அகலத் திறந்து, பல்லெல்லாம் தெரிய, தோள் குலுங்கக் குலுங்க...

தியேட்டர் வெடித்தது. ஐங்கரன் விசிலடித்தான். பியட்றிஸ் எழும்பி நின்று கைதட்டினாள்.

"என்ர மனிசன்! அது என்ர மனிசன்!"

பக்கத்தில் மடுத்தீன் குனிந்தபடியே இருந்தான்.

அப்போதுதான் அவள் கண், திரையில் அவன் தலைக்கு மேலே தொங்கிய நாட்கலண்டரில் பட்டது. 2009, மே 23.

தட்டிய கை அப்படியே நின்றது.

அன்றுதான், சண்டை முடிந்து அடைபட்டிருந்த முகாமில் யாரிடமோ கெஞ்சிப் போன் வாங்கி, "எங்கட பிள்ளை செல்லடியில போயிட்டானப்பா" என்று அவள் அவனுக்குச் சொன்னாள்.